ஈரம் கழித்த எடை

என் அத்தையைத் தராசில் ஏமாற்றப் பார்த்தவர்களைப் பட்டியல் போட்டால் பாதித் தெரு அதில் வரும். முதல் ஆளாக நான் வருவேன்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பழைய பேப்பர், அட்டைப்பெட்டி, இரும்பு, பித்தளை எல்லாம் எடுக்கிற கடையில் இருபத்திரண்டு வருஷமாக எடை போடுகிறவள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் வேலை செய்யும். மற்றபடி முதலாளியிலிருந்து தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் கிலோக்கா.

கடையின் நடுவில் தரையோடு தரையாக ஓர் இரும்புத் தட்டு. அதற்கு முன்னால் ஒரு கம்பம், கம்பத்தின் தலையில் சிவப்பு எண் எரிகிற பெட்டி. மூட்டையைத் தட்டில் வைத்தால் பெட்டி ஒரு எண்ணைச் சொல்லும். அத்தை வேறொரு எண்ணைச் சொல்வாள். அத்தை சொல்வதுதான் செல்லும். ஏனென்றால் அவள் கழிப்பாள். சாக்கு எடை கழிவு, கட்டின கயிறு கழிவு, பேப்பருக்குள் ஒளிந்திருக்கும் கல் கழிவு. எல்லாவற்றுக்கும் மேலே, ஈரம் கழிவு.

சில பேர் அட்டைக்கட்டின் நடுவில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, வெளிப்பக்கம் மட்டும் வெயிலில் காயவைத்துக் கொண்டுவருவார்கள். பார்த்தால் எலும்பு மாதிரி காய்ந்திருக்கும். அத்தை கட்டுக்குள் கையை மணிக்கட்டு வரை விட்டு, கண்ணை மூடி, "மூணு கிலோ தண்ணி" என்பாள்.

"அக்கா, நேத்து மழைல லேசா நனைஞ்சிருச்சு."

"மழை நடுவுல மட்டும் பேஞ்சுதா? சுத்திவர நீ குடை பிடிச்சியா?"

கடையே சிரிக்கும். கொண்டுவந்தவனும் சிரித்துவிட்டு மூன்று கிலோவைக் கழித்துக்கொள்வான். ஒருமுறை முதலாளிக்குச் சந்தேகம் வந்து ஒரு கட்டை நாலு நாள் காயவைத்து மறுபடி எடை போட்டார். மூன்று கிலோ நூறு கிராம் குறைந்திருந்தது. "நூறு கிராம் விட்டுட்டியே கிலோக்கா" என்றார். "அது நீங்க பக்கத்துல நின்னு தும்முனது" என்றாள்.

நான் அந்தக் கடையில் வேலை செய்யவில்லை. வேலையைக் கெடுப்பேன், அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். தலைமையாசிரியையின் நாற்காலியில் பசை தடவியது யார் என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அதற்குப் பிறகு பகலெல்லாம் அத்தையின் கடையில் பழைய வாரப்பத்திரிகைகளைப் படிப்பதும், வருகிறவர்களின் செருப்பை இடம் மாற்றி வைப்பதுமாகப் பொழுது போனது. எனக்கு அப்பா வைத்த பெயர் வாலு. அது மட்டும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது.

அப்பா லாரி ஓட்டுநர். போன வருஷம் அவர் முகம் வீங்கத் தொடங்கியது, பிறகு கால். "உக்காந்தே ஓட்டுறேன்ல, அதான்" என்றார். அதான் இல்லை. இரண்டு கிட்னியும் வேலையை விட்டுவிட்டிருந்தன. வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், ஒரு மெஷின் அவர் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விட்டது. இது ரொம்ப நாள் தாங்காது, வேறு கிட்னி வைக்க வேண்டும் என்றார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, அவள் கொடுக்கக்கூடாது. எனக்கு வயசு பத்தாது. அத்தைக்கு எல்லாம் பொருந்தியது. எடை மட்டும்தான் இடித்தது. தொண்ணூற்றிரண்டு கிலோ.

"இவ்வளவு வெயிட்டோட ஆபரேஷன் பண்ணா உங்களுக்கே ஆபத்தும்மா" என்றார் டாக்டர். "நாலு மாசம் டைம் எடுத்துக்குங்க. எண்பதுக்குக் கீழ வாங்க, தேதி குடுக்கிறோம்."

அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "டாக்டர், கிட்னி எவ்ளோ வெயிட் இருக்கும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நூத்தம்பது கிராம் இருக்கும்."

மறுநாள் அத்தை பித்தளைக் கூடையைக் கிளறி ஒவ்வொன்றாகச் சின்னத் தராசில் வைத்துப் பார்த்தாள். ஒரு பழைய பூட்டு சரியாக நூற்றைம்பது காட்டியது. அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, அப்பாவின் உள்ளங்கையில் கொண்டுபோய் வைத்தாள்.

"இந்தாடா தம்பி. இவ்ளோதான் உனக்கு வேணுமாம். இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்க."

அப்பா பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாவி எங்கக்கா?"

"சாவி எங்கிட்ட இருக்கும். நீ திரும்பவும் லாரில ஏறி ராப்பகலா ஓட்டுன, பூட்டிருவேன்."

எத்தனையோ நாள் கழித்து அன்றைக்கு அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பூட்டு அதற்குப் பிறகு அவர் தலையணைக்கு அடியிலேயே இருந்தது.

அத்தை சாப்பாட்டில் கைவைத்தாள். தட்டைத் தராசில் வைத்து, தட்டின் எடையைக் கழித்து, சோற்றை நிறுத்துச் சாப்பிட்டாள். முதலாளி வாங்கித்தரும் பன்னை என்னிடம் தள்ளிவிட்டாள். திங்கட்கிழமை தோறும் கடை திறந்ததும், முதல் மூட்டை வருவதற்கு முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு இரும்புத் தட்டில் ஏறுவாள். எண்ணைப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதுவாள். 92.0. 90.7. 89.9. ஆறு வாரத்தில் 86.2. சுவரைப் பார்க்கவே எங்களுக்குப் பசி அடங்கியது.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எடை பார்க்கும் நர்ஸ் முதுகில் தட்டிக்கொடுத்தாள். "சாப்பாட்டை மட்டும் குறைச்சா சதையும் சேர்ந்து கரைஞ்சிடும்மா. ஆபரேஷனுக்கு பலம் வேணும். நாளையிலேர்ந்து நல்லா வேகமா நடங்க. உக்காந்து எந்திரிங்க. கொஞ்சம் வெயிட் தூக்குங்க."

"இருபத்திரண்டு வருஷமா அதைத்தான் தூக்குறேன்" என்றாள் அத்தை.

"அது வேலை. உடம்புக்கு அது பழகிப்போச்சு. இது புதுசா இருக்கணும்."

அத்தை எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். விடிந்ததும் மைதானத்தை எட்டுச் சுற்று. கடைக்கு வந்ததும், இரண்டு கையிலும் பேப்பர் கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருப்பாள். எண்ணுவது என் பொறுப்பு.

"பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு, எட்டு, ஒம்பது..."

"அடியே! எண்ணிக்கைலயே கலப்படமா?"

"நீ ஒழுங்கா உக்காரல அத்தை. ஆறு கழிவு."

மூன்றாம் நாள் அவள் வாத்து மாதிரி நடந்தாள். தொடை கல்லாக இருந்தது. படி இறங்கும்போது "அம்மா, அப்பா, தம்பி" என்று படிக்கு ஒருவராகக் கூப்பிட்டாள்.

வந்தது திங்கட்கிழமை. அத்தை தட்டில் ஏறினாள். நான் பின்னால் நின்றேன். வீட்டில் அந்த வாரம் யாரும் சிரிக்கவில்லை. அப்பாவுக்கு மெஷினில் இருக்கும்போதே மயக்கம் வந்திருந்தது. ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். செருப்பிலிருந்து காலை உருவி, கட்டை விரலைத் தட்டின் ஓரத்தில் வைத்து லேசாக அழுத்தினேன். 88.0.

அத்தை எண்ணைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"என்னடி இது, நடந்தா கூடுது?"

"உலகத்துலயே உனக்கு மட்டுந்தான் அத்தை. தனிப் பிறவி நீ."

அவள் சிரித்தாள். முதலாளியும் சிரித்தார். அத்தை சாக்பீஸை எடுத்து எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் விரலை வைத்தேன். 88.1. இந்தத் தடவை அவள் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. அத்தை வேலை நேரத்தில் இடுப்பில் ஒரு தோல் பெல்ட் கட்டுவாள்; கயிறு அறுக்கும் கத்தி அதில்தான் தொங்கும். பெல்ட் நழுவுகிறது என்றாள். கடைசி ஓட்டையும் பத்தவில்லை. நான் ஓர் ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்துப் புது ஓட்டை போட்டேன். எட்டு நாள் கழித்து அதற்கு உள்ளே இன்னொன்று. "இப்படியே போனா ஓட்டைக்குத்தான் பெல்ட் இருக்கும்" என்றேன். இடுப்பு உள்ளே போகிறது, எண் மேலே போகிறது. இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே கடையில், என் கண்ணெதிரில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை.

மூன்றாவது திங்கட்கிழமை நான் கடையில் இல்லை. அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். மறுநாள் போனபோது சுவரின் கடைசி வரியை மட்டும் பார்த்தேன், 87.5. அத்தை மைதானத்துக்குப் போகவில்லை. பேப்பர் கட்டைத் தூக்கவில்லை.

"ஏன் அத்தை, இன்னிக்கு எண்ண வேணாமா?"

"வேணாம். மூணு வாரமா நாயா ஓடியிருக்கேன். ஒரு கிலோ கூடிருக்கு. இது எனக்கு ஆகல."

"அந்த நர்ஸுக்கு போன் போட்டுக் கேக்கலாமா?"

"அவகிட்ட என்ன கேக்குறது? தராசு சொல்லுதே."

ஒருவரையும் நம்பாமல் தராசை மட்டும் நம்பி வாழ்ந்தவள் அவள். அவளிடம் அதற்கு மேல் பேச முடியாது. இன்னும் ஏழு வாரம்தான் இருந்தது. ஏழரை கிலோ இருந்தது.

நடையை நிறுத்தினாள். சோற்றை இன்னும் பாதியாக்கினாள், பிறகு அதிலும் பாதி. அடுத்த திங்கட்கிழமை ஏறினாள். என் இரண்டு காலும் செருப்புக்குள்தான் இருந்தன. 85.1. ஒரே வாரத்தில் இரண்டரை கிலோ.

"பாத்தியாடி!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். "சும்மா உக்காந்திருந்தா குறையுது. நான் சொல்லல?"

நான் குதித்தேன். முதலாளி பன் வாங்கிக்கொடுத்தார். அதை நானே தின்றேன்.

அதற்குப் பிறகு அவள் முகம் அட்டை நிறத்துக்கு வந்தது. மூட்டை தூக்கும்போது கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் கஞ்சியாவது குடிங்க அண்ணி" என்று அம்மா கெஞ்சினாள். "உன் புருஷன் எந்திரிச்சு உக்காரட்டும், ஒரு அண்டா குடிக்கிறேன்" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் தண்ணீரையும் நிறுத்திவிட்டாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும். சொம்பை நீட்டினேன், கையால் தள்ளிவிட்டாள்.

"ஈரமும் எடைதாண்டி. காயட்டும்."

இருபத்திரண்டு வருஷம் நனைந்த அட்டையோடு மல்லுக்கட்டியவள், தன்னையே ஒரு கட்டாகக் கட்டிக் காயவைத்தாள். நானும் சரிதானே என்று நினைத்தேன். சொம்புத் தண்ணீரை நான் குடித்தேன்.

ஆஸ்பத்திரித் தராசில் 79.6. அத்தை தட்டிலிருந்து இறங்காமலேயே என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நர்ஸும் சிரித்துக்கொண்டே ரத்தமும் சிறுநீரும் பரிசோதனைக்கு அனுப்பினாள். மதியம் டாக்டர் கூப்பிட்டார். காகிதத்தைப் பார்த்தார், அத்தையின் நாக்கைப் பார்த்தார், கையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார்.

"உங்க கிட்னி ரொம்ப அடி வாங்கியிருக்கும்மா. இந்த நிலைமைல எடுக்க முடியாது. ஒழுங்கா சாப்பிட்டு, தண்ணி குடிச்சு, ஆறு வாரம் கழிச்சு வாங்க."

"எண்பதுக்குக் கீழ வந்துட்டேனே டாக்டர்."

"வந்திருக்கீங்க. வந்த வழி சரியில்ல."

வெளியே பெஞ்சில் நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எத்தனை நாளா தண்ணி குடிக்கல?"

"ரெண்டு."

"ஏம்மா?"

"ஈரம் எடை கூட்டும்ல."

நர்ஸ் பேனாவை மூடினாள். "நடக்கச் சொன்னேனே?"

"நடந்தா கூடுச்சு. ஒரு கிலோவுக்கு மேல."

"கூடும்மா!" நர்ஸின் குரல் உடைந்துபோனது. "புதுசா உடம்பை வேலை வாங்குனா சதை வலிக்கும்ல? அந்த வலிச்ச சதை தன்னைச் சரி பண்ணிக்கத் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். அதான் எடை. உள்ள கொழுப்பு அதுபாட்டுக்குக் கரைஞ்சிட்டேதான் இருந்திருக்கும். இன்னும் ரெண்டு மூணு வாரம் விடாம நடந்திருந்தா தண்ணி தானா இறங்கியிருக்கும். நடையை நிறுத்துனதும் சடார்னு குறைஞ்சிருக்குமே?"

"குறைஞ்சுது. ரெண்டரை."

"அதுல பாதிக்கு மேல தண்ணிதாம்மா. இதை நான் முதல் நாளே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

அத்தை வலது கையைத் தூக்கி உள்ளங்கையைப் பார்த்தாள். மணிக்கட்டு வரை பார்த்தாள்.

பஸ்ஸில் வரும்போது மட்டும் சொன்னாள், என்னிடமா ஜன்னலிடமா தெரியாது: "தண்ணியாம்."

அப்பா கோபப்படவில்லை. "ஆறு வாரந்தானேக்கா. நான் எங்க ஓடப்போறேன்? பூட்டுச் சாவியத்தான் நீ ஒளிச்சு வச்சிட்டியே" என்றார். அத்தை மறுநாள் காலையே மைதானத்துக்குப் போனாள். நிறுத்துச் சாப்பிட்டாள், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். கால் வலித்தபோது சந்தோஷப்பட்டாள். எண் ஏறியது. "ஏறட்டும், தண்ணி" என்று சொல்லிவிட்டு மறுபடி எட்டுச் சுற்று நடந்தாள். நான் ஒழுங்காக எண்ணினேன். ஒன்றுகூடத் தவறவிடவில்லை.

நாலாவது வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. மெஷினின் குழாய் போகிற இடத்திலிருந்து கிருமி ஏறிவிட்டது என்றார்கள். செவ்வாய்க்கிழமை காய்ச்சல், வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அப்பா இல்லை. நாலு நாள். ஒரு லோடு ஏற்றிப் போய்த் திரும்பி வருகிற நேரம்.

கிட்னி முன்னாலேயே வைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அம்மா டாக்டரைக் கேட்டாள். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அவர். நல்ல மனுஷன். பொய் சொல்லத் தெரியவில்லை.

படுக்கையைச் சுருட்டும்போது பூட்டு கிடைத்தது. அத்தை அதை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்துத்தான் அவள் கடைக்கு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஆறாவது வாரத்து நாள் அது. நான் தேதியைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. முதல் ஆளாக ஒருவன் அட்டைக்கட்டோடு வந்தான். அத்தை நடுவில் கையை விட்டாள். மணிக்கட்டு வரை போன கை திரும்பி வரவில்லை. கண்ணை மூடியவள் திறக்கவில்லை. தோள் குலுங்கியது. கட்டைக் கொண்டுவந்தவன் பயந்துபோய், "அக்கா, நானே ஒத்துக்கறேன், அஞ்சு கிலோ தண்ணிதான், அழாதீங்க" என்றான். முதலாளி அவனைத் தனியே அழைத்துப் போனார்.

அதுவரை நான் அழவில்லை. வீட்டில் நான் அழுதால் யார் சிரிப்பது என்று விட்டுவிட்டேன். அத்தையின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். மூன்று மாதத்துக்கும் மேலாக யாரிடமும் சொல்லாதது வெளியே வந்தது.

"அத்தை, நான்தான். நீ தராசுல ஏறுறப்ப பின்னால கால்விரலை வச்சு அழுத்துனேன். ரெண்டு வாரம். சும்மா விளையாட்டுக்கு. அதனாலதான் கூடுச்சு. அதனாலதான் நீ நடக்கறத நிறுத்துன. என்னாலதான் அத்தை."

அத்தை கையை உருவினாள். ஈரக்கையாலேயே என் தாடையைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"அந்த வாரம் பெட்டில எவ்ளோ பாத்த?"

"எண்பத்தெட்டு."

"சுவத்துல எவ்ளோ இருக்கு?"

87.4. அதற்குக் கீழே, 88.1 இருக்க வேண்டிய இடத்தில், 87.6.

"ஆள் மட்டும் நின்னா நம்பர் அப்படியே நிக்கும். பின்னால கால் வச்சா ஆடும். அதுவும் சிரிப்ப அடக்கிக்கிட்டு வச்சா ரொம்ப ஆடும். இருபத்திரண்டு வருஷம் நிக்கிறேன், ஒரு விரல் தெரியாதா எனக்கு?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்பவே கழிச்சிட்டேன்டி. மொத வாரம் அறுநூறு கிராம், அடுத்த வாரம் ஐந்நூறு."

"தெரிஞ்சும் ஏன் திட்டல?"

"உன் மூஞ்சில அன்னிக்குதான் சிரிப்பு பாத்தேன்."

நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் விரலாகவாவது இருந்திருக்கலாம். திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருக்கும். அவள் அதையும் கழித்துவிட்டாள்.

"உன்னைக் கழிச்சேன். செருப்பக் கழட்டுனேன். பெல்ட்ட, கத்தியக் கழட்டி வச்சேன்" என்றாள் அத்தை. "தண்ணிய விட்டுட்டேன். ஊரான் கட்டுல கையவிட்டுக் கண்டுபிடிச்சேன். என் உடம்புக்குள்ள எப்படி கைய விடுறது?"

 பிறகு அவள் எழுந்து, செருப்பைக் கழற்றி, தட்டில் ஏறினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு ஏறித்தானே ஆக வேண்டும். பெட்டியில் சிவப்பு எண் ஓடி ஓடி ஓரிடத்தில் நின்றது. ஆடவேயில்லை. 80.1.

சாக்பீஸை நான் எடுத்தேன். அப்போதுதான் அவளுடைய மூடிய இடது கையைப் பார்த்தேன். விரலிடுக்கில் பித்தளை மின்னியது.

"அத்தை, கையில பூட்டு இருக்கு. நூத்தம்பது கிராம். அதைக் கழிச்சா எண்பதுக்குக் கீழ."

அத்தை எண்ணைப் பார்த்தபடியே நின்றாள்.

"வேணாம்" என்றாள். "அதைக் கழிக்காத."

80.1 என்றே எழுதினேன்.